வீட்டுக்குள் எடுக்கும் படமெல்லாம் மங்கல்: குற்றம் லென்ஸின் மீதா?

கேள்வி, மார்ச் 3

"ஐந்து ஆண்டுகளாக ஒரே கேமராவை வைத்திருக்கிறேன், லென்ஸும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. ஜூம் தான். வெயிலில் எடுத்தால் படம் கண்ணாடி போல இருக்கிறது. வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் பத்தில் எட்டு மங்கல். லென்ஸ் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் பழுது பார்ப்பவர். மாற்றிவிடலாமா?"

மார்ச் 3, இரவு 9.40

மாற்ற வேண்டாம். கெட்டுப்போன லென்ஸுக்கு வெயில் வேறு, விளக்கு வேறு என்ற பாகுபாடு கிடையாது. வெளியே கண்ணாடி போல எடுக்கும் லென்ஸ் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததும் கெட்டுப்போவதில்லை. மாறுவது ஒளியின் அளவு மட்டுமே. நம் கண் இருட்டுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் வீட்டு விளக்கின் வெளிச்சம் போதுமானதாகத் தோன்றுகிறது. உண்மையில் நடுப்பகல் வெயிலோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய 500-இல் ஒரு பங்கு. மங்கலான அறைகளில் 1000-இல் ஒரு பங்கு. இந்தக் குறையை ஈடுகட்டக் கேமராவுக்கு மூன்றே வழிகள் உண்டு: ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைப்பது, லென்ஸின் துளையை அகலப்படுத்துவது, ஐஎஸ்ஓ எண்ணை உயர்த்தி, ஒளியைப் படமாகப் பதியும் சென்சாரிலிருந்து வரும் சமிக்ஞையைப் பெருக்குவது. உங்கள் கேமரா முதல் வழியையே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஊகிக்கிறேன். துளையைப் பொறுத்தவரை அந்த லென்ஸால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. துளையின் அளவைச் சொல்வது எஃப் எண்; எண் சிறிதானால் துளை பெரிது. ஜூமை 55 வரை நீட்டினால் அதன் மிகப் பெரிய துளையே எஃப் 5.6 தான். எஃப் எண் இரட்டித்தால் உள்ளே வரும் ஒளி பாதியாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆனால் ஊகத்தை வைத்துக்கொண்டு பழுது பார்க்கக் கூடாது. கேமரா எடுக்கும் ஒவ்வொரு கோப்பிலும், அந்தப் படத்தை எந்த ஷட்டர் வேகத்தில், எந்தத் துளையில், எந்த ஐஎஸ்ஓ எண்ணில், எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தது என்ற குறிப்பு பதிந்திருக்கிறது. எக்ஸிஃப் என்ற அந்த முறை 1995-இலிருந்து வழக்கில் உள்ளது. படத்தைத் திரையில் பார்க்கும்போது தகவல் பொத்தானை ஓரிரு முறை அழுத்தினால் எண்கள் வரும். மங்கலான படம் ஒன்றின் எண்களையும் நன்றாக வந்த படம் ஒன்றின் எண்களையும் எழுதுங்கள்.

அதற்கு முன் மங்கலான படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கல் என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது உண்மையில் நாலைந்து வேறு வேறு நோய்கள். சிறு ஒளிப்புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து ஆளின் கை மட்டும் புகைபோலக் கலைந்திருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். ஆள் மங்கலாகவும் அவருக்குப் பின்னால் உள்ள ஏதோவொன்று தெளிவாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. படம் முழுவதும் பால் ஊற்றினாற்போல வெளிறியிருந்தால் லென்ஸின் முன்கண்ணாடியில் விரல் ரேகை இருக்கிறதா என்று பாருங்கள். வெட்கப்படாமல் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மார்ச் 4, காலை 7.15

எண்கள் வந்துவிட்டன. மங்கலான படம்: 55 மி.மீ., எஃப் 5.6, 1/15 நொடி, ஐஎஸ்ஓ 400. வெயிலில் எடுத்தது: 35 மி.மீ., எஃப் 8, 1/400 நொடி, ஐஎஸ்ஓ 200.

விடை இங்கேயே இருக்கிறது. கையில் பிடித்து எடுக்கும்போது, லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ அதை 1-க்குக் கீழே போட்டு வரும் பின்னத்தைவிட மெதுவாக ஷட்டர் போகக் கூடாது என்பது பழைய கணக்கு. அந்தக் கணக்கு 35 மி.மீ. படச்சுருளுக்கானது. உங்கள் கேமராவின் சென்சார் அதைவிடச் சிறியது என்பதால் ஒன்றரையால் பெருக்க வேண்டும். 55 ஏறக்குறைய 80 ஆகிறது. ஆக, 1/80 நொடியாவது தேவைப்பட்ட இடத்தில் 1/15-இல் எடுத்திருக்கிறீர்கள். ஐந்து மடங்கு மெதுவாக எடுத்தும் பத்தில் இரண்டு தெளிவாக வந்திருக்கிறது என்றால் உங்கள் கை உறுதியான கைதான்.

எனக்குப் புரியாத ஒன்று, அவ்வளவு இருட்டிலும் ஐஎஸ்ஓ ஏன் 400-லேயே நின்றது என்பது. மெனுவில் தானியங்கி ஐஎஸ்ஓவுக்கு உச்ச வரம்பு என்று ஓர் இடம் இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மார்ச் 4, பிற்பகல் 1.05

வரம்பு 400-இல் இருந்ததாம். வாங்கிய புதிதில், ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் புள்ளி புள்ளியாக வரும் என்று எங்கோ படித்துவிட்டு அவரே வைத்திருக்கிறார்; பிறகு மறந்துவிட்டார். நானும் இதே காரியத்தைச் செய்தவன் என்பதால் சிரிக்க மாட்டேன். புள்ளி விழுந்த படத்தைப் பார்க்க முடியும். ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

வரம்பை 3200-க்கு உயர்த்துங்கள். 400-இலிருந்து 3200 எட்டு மடங்கு. அதே அறையில் 1/15 என்பது 1/125 ஆகிவிடும். மெனுவையே தொடாமல் செய்யக்கூடிய இன்னொன்றும் உண்டு: ஜூமைப் பின்னிழுத்து 18-இல் வைத்துவிட்டு இரண்டடி முன்னே போங்கள். 18-இல் துளை எஃப் 3.5 வரை திறக்கும், அங்கே கை ஆட்டமும் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் முகத்துக்கு மிக அருகில் போய்விட்டால் மூக்கு பெரிதாகத் தெரியும். படத்தில் இருப்பவர் உங்களை மன்னிக்க மாட்டார்.

மார்ச் 4, இரவு 10.30

முந்தைய குறிப்பில் ஒரு பிழை. எஃப் எண் இரட்டித்தால் ஒளி பாதியாகும் என்று எழுதிவிட்டேன். ஒருவர் அதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வதே சரி. பாதியாவது துளையின் விட்டம். ஒளி நுழைவது துளையின் பரப்பின் வழியே என்பதால் ஒளி கால்பங்காகிறது. 2, 2.8, 4, 5.6, 8 என்று இந்த எண்கள் விநோதமாக ஏறுவதற்கும் காரணம் அதுதான்: ஒவ்வொரு படியிலும் எண் 1.4 மடங்கு ஏற, ஒளி சரியாகப் பாதியாகிறது. எஃப் எண் என்பது லென்ஸின் குவியத் தொலைவை, அதாவது 18, 55 என்று சொல்லும் அந்த மில்லிமீட்டரை, துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. எனவேதான் எண் சிறிதாக இருந்தால் துளை பெரிதாக இருக்கிறது. இதை நான் பல பேருக்கு வாயால் சரியாகச் சொல்லியிருக்கிறேன். எழுதும்போது கை முந்திக்கொண்டது.

சரியான கணக்கைப் போட்டால் 18-இல் உள்ள எஃப் 3.5, 55-இல் உள்ள எஃப் 5.6-ஐவிட இரண்டரை மடங்கு ஒளியை விடுகிறது. அதாவது ஐஎஸ்ஓ 400-லேயே 1/15 என்பது 1/40 ஆகியிருக்கும். 18-க்கு 1/30 போதும். மெனுவைத் தொடாமலே பிழைத்திருப்பீர்கள்.

மார்ச் 5, காலை 6.50

"ஃபிளாஷ் இருக்கும்போது இவ்வளவு கணக்கு எதற்கு?" என்று ஒருவர் கேட்கிறார். கேமராவின் தலையில் எழும் சிறு ஃபிளாஷின் ஆற்றல் பெரும்பாலும் வழிகாட்டி எண் 12 அளவில்தான் இருக்கும். ஐஎஸ்ஓ 100-இல் அந்த எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால் அது எட்டும் தூரம் மீட்டரில் வரும்: எஃப் 4-இல் 3 மீட்டர். அறைக்குள் ஒருவரை எடுக்கப் போதும். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடையை எடுக்கும்போது ஃபிளாஷ் அடிப்பதில், முன்வரிசைக்காரர்களின் பின்தலை பளிச்சென்று விழுவதைத் தவிர வேறு பயனில்லை.

மார்ச் 5, மாலை 5.20

வேறொருவரின் கேள்வி: "என் லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருக்கிறது. 1/15-இல் கூடச் சுவரும் அலமாரியும் தெளிவாக வருகின்றன. குழந்தை மட்டும் ஏன் கலைந்து வருகிறது?"

அதிர்வுத் தடுப்பு உங்கள் கையைத்தான் பிடித்துக்கொள்ளும். குழந்தையை அது பிடிக்காது. லென்ஸுக்குள் ஒரு கண்ணாடியோ, கேமராவுக்குள் சென்சாரோ, கை ஆடும் திசைக்கு எதிர்த்திசையில் நகர்ந்து பிம்பத்தை ஓரிடத்தில் நிறுத்துகிறது. எதிரே இருப்பவர் அசைவதை அதனால் அறிய முடியாது.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கசப்பானது. என் தாத்தா வாய்விட்டுச் சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. 1/20 நொடியில் எடுத்தது. அவருக்குப் பின்னால் தொங்கிய நாட்காட்டியில் தேதிக்குக் கீழே உள்ள பொடி எழுத்தைக்கூடப் படிக்கலாம். தாத்தாவின் முகம், சிரிப்பில் தலை பின்னால் சாய்ந்ததால், இரண்டு முகங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற்போல இருக்கிறது. அதிர்வுத் தடுப்பு தன் வேலையைக் குறைவறச் செய்திருந்தது. அதற்குப் பிறகு மனிதர்களை எடுக்கும்போது 1/125-க்குக் கீழே போவதில்லை. ஓடும் குழந்தை என்றால் 1/500.

மார்ச் 5, மாலை 5.45

இன்னொன்று. முக்காலியில் வைத்து எடுக்கும்போது அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட வேண்டும். இல்லாத ஆட்டத்தைத் தேடி அது தானே ஆட்டத்தை உண்டாக்கும்.

மார்ச் 6, காலை 8.00

நேற்றுக் கடைசியாக எழுதியதைச் சற்றுத் தளர்த்துகிறேன். என் பழைய லென்ஸில் அது முழு உண்மை: ஓர் இரவு முழுவதும் முக்காலியைக் குறை சொல்லிக்கொண்டே எடுத்த படங்கள் அனைத்தும் கெட்டன. பிற்கால லென்ஸ்கள் பலவும் தாம் முக்காலியில் இருப்பதை உணர்ந்து அடங்கிவிடுகின்றன. எனவே விதியாகக் கொள்ளாமல், அணைத்து ஒன்றும் அணைக்காமல் ஒன்றும் எடுத்து ஒப்பிடுங்கள். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 நொடித் தாமதத்தை வைத்துக்கொள்வது இரண்டுக்கும் பொருந்தும். விரல் அழுத்துவதே முக்காலியை ஆட்டப் போதுமானது.

மார்ச் 6, பிற்பகல் 2.10

"வியூஃபைண்டரில் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது, எடுத்த படம் மட்டும் நன்றாக இருக்கிறது." இதைக் கேட்டவருக்கு நோய் கேமராவிலும் இல்லை, லென்ஸிலும் இல்லை. வியூஃபைண்டர் என்பது கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு சன்னல். வியூஃபைண்டரின் பக்கத்தில் நகத்தளவில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். அது பார்ப்பவரின் கண் பார்வைக்கு ஏற்பத் திருத்திக்கொள்வதற்கு. பையில் உரசியே அது திரும்பிவிடும். திருப்பும்போது எதிரே உள்ள காட்சியைப் பார்க்காதீர்கள். வியூஃபைண்டருக்குள்ளே தெரியும் எண்களையோ ஃபோகஸ் கட்டங்களையோ பார்த்து, அவை கூர்மையாகும் வரை திருப்புங்கள்.

என் கேமராவில் இது திரும்பியபோது நான் கண் மருத்துவரிடம் போனேன். பார்வையில் குறையில்லை என்று அவர் சொன்னதை நம்பாமல் வந்தேன்.

மார்ச் 7, இரவு 9.15

முதலில் கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். ஐஎஸ்ஓ வரம்பை உயர்த்திய பிறகு பத்தில் எட்டு தெளிவாக வருகிறது. மிஞ்சிய இரண்டும் பகலில், ஜன்னலருகில் எடுத்தவை, ஷட்டர் 1/200. கை ஆடியது என்ற என் விளக்கம் இங்கே செல்லாது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் புரிந்தது. ஆள் மங்கல், அவருக்குப் பின்னால் உள்ள கோடு போட்ட திரைச்சீலையின் இழை இழையாகத் தெளிவு. ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேமராவிடம் விட்டிருக்கிறார். தானியங்கி ஃபோகஸ் எதிரே இருப்பது முகமா துணியா என்பதைவிட, எங்கே வெளிச்சமும் நிழலும் அழுத்தமாக எதிரெதிரே நிற்கின்றன என்பதையே தேடுகிறது. பழைய கேமராக்களில் இது முழுக்க அப்படித்தான். முகத்தை அடையாளம் காண்பவற்றிலும் சில, முகம் பக்கவாட்டில் திரும்பினால் தடுமாறுகின்றன. கோடு போட்ட திரைச்சீலை கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். வெறும் வெள்ளைச் சுவரைக் காட்டினால் லென்ஸ் முன்னும் பின்னும் போய்வந்து அலைந்துவிட்டுக் கைவிரித்துவிடும்.

ஃபோகஸ் பகுதியை ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள். அந்தப் புள்ளியைக் கண்ணின்மேல் வைத்து ஷட்டர் பொத்தானைப் பாதி மட்டும் அழுத்துங்கள். ஒலியோ பச்சைக் குறியோ வந்ததும், விரலை எடுக்காமல் படத்தின் அமைப்பைச் சரிசெய்துகொண்டு மீதியை அழுத்துங்கள். இந்த அரை அழுத்தலைப் பலர் செய்வதே இல்லை. பொத்தானை ஒரே குத்தாகக் குத்துகிறார்கள். கேமராவுக்குத் தேடவும் அளக்கவும் அவகாசம் கிடைப்பதில்லை.

பூவையோ மோதிரத்தையோ எடுப்பவர்களுக்கு: ஒவ்வொரு லென்ஸுக்கும் அதற்குக் குறைவாக நெருங்கக் கூடாது என்று ஒரு தூரம் உண்டு. அதை லென்ஸின் நுனியிலிருந்து அளக்கிறோம், தவறு. கேமராவின் மேற்புறத்தில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் பொறித்திருக்கும். சென்சார் இருக்கும் தளம் அது, தூரம் அங்கிருந்துதான்.

மார்ச் 8, காலை 7.30

என் மருந்தே ஒருவருக்கு நோயைக் கொடுத்துவிட்டது. ஐஎஸ்ஓவை உயர்த்தி 1/125-இல் எடுத்தாராம். படம் முழுவதும் கிடைமட்டமாக இருண்ட பட்டைகள். சென்சார் போய்விட்டதா என்று பதறுகிறார்.

போகவில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் குழல் விளக்கும், மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது. 1/100 நொடி திறந்திருந்தால் ஒரு முழுச் சுற்று உள்ளே வரும்; 1/50 என்றால் இரண்டு. 1/125-இல் சுற்று முடிவதற்குள் மூடிவிடுவதால் படத்தின் சில வரிகளுக்குப் பிரகாசமான பகுதியும் சில வரிகளுக்கு மங்கிய பகுதியும் கிடைக்கின்றன. ஓசையில்லாமல் எடுக்கும் மின்னணு ஷட்டரில் இது மிக மோசம். சென்சாரை வரி வரியாகப் படித்து முடிக்க அது அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. ஓசையில்லா முறையை அணைத்துவிட்டு 1/100-இல் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120. அங்கே என் 1/125 தற்செயலாகத் தப்பித்திருக்கும்.

மனிதர்களுக்கு 1/125-க்குக் கீழே போக மாட்டேன் என்று நான் வீரம் பேசியதை, குழல் விளக்கின் கீழே 1/100 என்று திருத்திக்கொள்ளவும்.

மார்ச் 8, இரவு 8.40

"கார்டு பூட்டியிருக்கிறது என்று கேமரா சொல்கிறது, வைரஸா?"

இல்லை. படங்கள் பதியும் எஸ்டி கார்டின் இடது விளிம்பில் ஒரு சிறு தள்ளு பொத்தான் இருக்கிறது. அது உண்மையில் கார்டின் உள்ளே எதையும் பூட்டுவதில்லை. அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கேமராவில் உள்ள ஒரு நுண்ணிய சுவிட்ச் தடவிப் பார்க்கிறது, அவ்வளவுதான். நாளடைவில் அது தளர்ந்து, கார்டைச் செருகும்போதே கீழே நழுவிவிடும். மேலே தள்ளிவிட்டு மெதுவாகச் செருகிப் பாருங்கள். அப்படியும் நழுவினால் படங்களை நகலெடுத்துவிட்டுப் புதிய கார்டு வாங்குங்கள். அந்தப் பொத்தான் நகரும் பள்ளத்தில் ஒட்டுத்தாள் ஒட்டியும் பிழைக்கலாம். நான் அதைச் செய்து, ஒட்டுத்தாள் உள்ளேயே கழன்று, சாமணம் கொண்டு அரை மணி நேரம் போராடினேன்.

மார்ச் 10, இரவு 10.05

முதல் கேள்விக்காரரின் கடைசிச் சந்தேகம்: "எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் வீட்டுக்குள் எடுக்கும் குழுப்படங்களில் இடது ஓரத்தில் நிற்பவர் மட்டும் எப்போதும் சற்று மங்கலாக இருக்கிறார்."

ஒரு முழுச் செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டச் சொன்னேன். அதற்கு நேரெதிரே கேமராவைப் புத்தக அடுக்கின்மேல் வைத்து, நடுவில் ஃபோகஸ் செய்து, 2 நொடித் தாமதத்துடன் எஃப் 3.5-இல் ஒன்றும் எஃப் 8-இல் ஒன்றும். பிறகு கேமராவைத் தலைகீழாக வைத்து அதே இரண்டையும் மறுபடி. தலைகீழாக வைப்பது விளையாட்டுக்கு அல்ல. கேமரா சுவருக்குச் சரியாக நேரே இல்லாவிட்டாலும் ஒரு பக்கம் மங்கும். அப்போது மங்கல் தாளின் அதே பக்கத்தில் நிற்கும். குற்றம் லென்ஸில் என்றால் கேமராவோடு சேர்ந்து அதுவும் பக்கம் மாறும்.

மார்ச் 11, இரவு 9.00

மாறிவிட்டது. எஃப் 3.5-இல், முதல் படத்தில் செய்தித்தாளின் இடப்பக்க எழுத்து கரைந்திருந்தது. தலைகீழாக்கியதும் வலப்பக்க எழுத்து கரைந்தது. எஃப் 8-இல் வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாண்டுகளுக்கு முன் கேமரா மேசையிலிருந்து விழுந்ததை இப்போதுதான் சொல்கிறார். உள்ளே ஒரு கண்ணாடி தன் மையத்திலிருந்து நகர்ந்திருக்கிறது.

ஆகவே, கெட்டுப்போன லென்ஸுக்கு வெயில், விளக்கு என்ற பாகுபாடு கிடையாது என்று நான் தொடங்கிய வாக்கியமே தவறு. பாகுபாடு உண்டு. வெயிலில் கேமரா துளையை எஃப் 8-க்குச் சுருக்கிவிடுகிறது. ஓரத்துக் கதிர்கள் தடுக்கப்படுவதால் கண்ணாடியின் கோணல் மறைந்துவிடுகிறது. இருட்டில் துளை முழுதாகத் திறக்கும்போது கோணலும் முழுதாகத் தெரிகிறது. பழுது பார்த்தவர் பத்தில் எட்டு மங்கலுக்குச் சொன்ன காரணம் சரியில்லை; லென்ஸில் குறை இருக்கிறது என்று சொன்னது சரி. அவரை நான் மனதுக்குள் பேசிய பேச்சைத் திரும்பப் பெறுகிறேன்.

மாற்றலாமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பெரும்பாலும் ஒருவரை நடுவில் வைத்து எடுப்பவருக்கு இந்தக் குறை வாழ்நாள் முழுவதும் கண்ணில் படாது. குழுப்படம் என்றால் ஐஎஸ்ஓவை இன்னும் ஒரு படி ஏற்றித் துளையைச் சற்றுச் சுருக்கிக்கொள்ளலாம் என்று எழுதினேன். அவர் அதைவிட எளிய வழி கண்டுவிட்டார்: இனிமேல் 10 நொடித் தாமதத்தை வைத்துவிட்டுத் தாமே ஓடிப்போய் இடது ஓரத்தில் நின்றுகொள்கிறாராம்.